சீலைத் துண்டுகளில் ஒரு போர்வை

மார்கழிக் கூதல் தொடங்கினால் எங்கள் வீட்டு அலுமாரியிலிருந்து அம்மம்மா தைத்த ஒட்டுப்போர்வை வெளியே வரும். யாழ்ப்பாணத்துக் கூதலுக்குக் கம்பளி தேவையில்லை. பழைய நூல் சீலைகளை இரண்டு மூன்று மடிப்பாக அடுக்கி, நெருக்கமாக நூலோடி, நைந்த இடங்களில் வேறு சீலைத் துண்டுகளை வைத்துத் தைத்தால் போதும். வங்காளத்தில் இதே முறையில் தைப்பதைக் 'காந்தா' என்கிறார்கள்.

எங்கள் வீடுகளில் சீலை வீணாவதில்லை. உடுத்துப் பழசானால் ஏணை, பிறகு போர்வை, கடைசியில் அடுப்படியில் சட்டி இறக்கும் துணி. 1995 ஒக்ரோபர் 30 வலிகாமம் இடம்பெயர்வில் எங்கள் பொருட்களைக் கட்டியதும் சீலையில்தான். 2009இல் வன்னியில் பங்கருக்கு மண்மூட்டை தைக்கச் சீலைகளை வெட்டினார்கள். பட்டுச்சீலைகளும் அதில் போயின.

சிலியில் 1973இல் தொடங்கிய இராணுவ ஆட்சியின்போது, காணாமலாக்கப்பட்டோரின் உறவுப் பெண்கள் துணித்துண்டுகளை ஒட்டித் தங்கள் கதையைத் தைத்தார்கள். 'அர்ப்பியேரா' எனப்படும் அந்தத் துணிகள் இரகசியமாக நாடு கடந்து சாட்சியமாகின.

அம்மம்மாவின் போர்வையில் எந்தத் துண்டு யாருடைய சீலை என்பது இப்போது அம்மாவுக்கு மட்டுமே தெரியும். இந்த மார்கழியில் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் அப்படியொரு போர்வை இருந்தால், சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டு வையுங்கள்.