வீட்டுக்குள் பாடம் கொண்டு சென்ற ஆசான்: மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்)

பிள்ளை வளர்ப்பு பற்றிய ஆலோசனைக்கு இன்று பஞ்சமில்லை. கைப்பேசியைத் திறந்தால் போதும். ஆனால் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் நம் தாய்மார்கள் யாரிடம் கேட்டார்கள்? பிள்ளைக்குத் தொழுகையை எப்படிச் சொல்லிக் கொடுப்பது, எது சுத்தம், எது அசுத்தம் என்று எதைப் பார்த்துத் தெரிந்து கொண்டார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் தாமிரபரணி கடலில் கலக்கும் பகுதியில் பிறந்த ஓர் ஆசானிடம் போய்ச் சேருகிறோம். அவர்தான் இமாமுல் அரூஸ் என்றும் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்றும் அழைக்கப்படும் செய்யிது முஹம்மது ஆலிம் (ரஹ்).

பிறப்பும் கல்வியும்

அவர் 1816-ல் (ஹிஜ்ரி 1232) காயல்பட்டினத்தில் பிறந்தார். இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் அவ்வூர், 1986-ல் மாவட்டம் பிரிக்கப்படும் வரை திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தது. அரபியில் எழுதிய ஆலிம்கள் காயல்பட்டினத்தைக் 'காஹிர்' எனக் குறித்தார்கள். 'காஹிரி' என்று தம் பெயரோடு சேர்த்துக் கொண்டவர்களும் உண்டு. பாளையங்கோட்டையில் உள்ள கல்லூரி யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்த ஸதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) பிறந்த ஊரும் இதுதான்.

செய்யிது முஹம்மது ஆலிமின் குடும்பம் பின்னர் கீழக்கரைக்குச் சென்றது. அங்கே தைக்கா சாஹிப் எனப்பட்ட ஷைகு அப்துல் காதிர் அல்காஹிரி (ரஹ்) அவர்களிடம் அவர் ஓதினார். ஆசிரியர் தம் மகள் சாரா உம்மாவை அவருக்கு நிக்காஹ் செய்து கொடுத்தார். ஆசிரியரின் மாப்பிள்ளை என்பதால்தான் அவருக்கு 'மாப்பிள்ளை லெப்பை' என்ற பெயர் வந்தது. 'அரூஸ்' என்ற அரபுச் சொல்லும் மணமகனையே குறிக்கும். மாமனாருக்குப் பின் கீழக்கரை அரூஸிய்யா மத்ரசாவின் பொறுப்பு அவரிடம் வந்தது.

வாப்பா இல்லாத வீடுகள்

அவருடைய எழுத்துப் பணியைப் புரிந்து கொள்ள அக்காலத்து வீடுகளைத் தெரிந்து கொள்ள வேண்டும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களின் ஆண்கள் வியாபாரத்துக்காக இலங்கைக்கும் கிழக்கு நாடுகளுக்கும் சஃபர் போவது வழக்கம். போனவர் திரும்ப மாதங்களாகும், சில வேளை வருடங்களாகும். காயல்பட்டினத்தில் பெண் மக்கள் திருமணத்துக்குப் பின்னும் தாய்வீட்டிலேயே இருப்பார்கள். ஆக, பிள்ளையை வளர்த்து, ஓத வைத்து, நல்லது கெட்டது சொல்லிக் கொடுத்தவர்கள் உம்மாவும் பெத்தும்மாவும்தான்.

அந்தத் தாய்மார்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் அல்லர். ஆனால் குர்ஆன் ஓதத் தெரிந்தவர்கள். அதாவது, பேசுவது தமிழ், படிக்கத் தெரிந்தது அரபு எழுத்து. அரபு மொழியில் எழுதினால் ஓத முடியும், பொருள் விளங்காது. தமிழ் எழுத்தில் எழுதினால் பொருள் விளங்கும், வாசிக்க முடியாது. இந்த இடைவெளியை நிரப்பியது அரபுத்தமிழ்.

அரபுத்தமிழ் என்பது தமிழை அரபு எழுத்தில் எழுதும் முறை. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்துகளோடு புள்ளிகளும் குறிகளும் சேர்த்துக் கொண்டார்கள். இதை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் உருவாக்கவில்லை. அவருக்கு முன்பே வழக்கில் இருந்ததுதான். ஆனால் அதை வீட்டின் கல்வி மொழியாக்கியவர்களில் முதன்மையாகச் சொல்லத் தக்கவர் அவர்.

அவர் எழுதிய நூல்கள்

அவர் அரபியிலும் எழுதினார், அரபுத்தமிழிலும் எழுதினார். அரபி நூல்களும் பாடல்களும் ஆலிம்களுக்குப் போதும். அரபுத்தமிழ் நூல்கள் குடும்பங்களுக்காக.

அவற்றில் 'மகானி', 'ஃபத்ஹுத் தய்யான்' ஆகிய இரண்டும் மிகவும் பரவின. ஷாஃபி மத்ஹபின்படி ஈமான், சுத்தம், தொழுகை, நோன்பு, ஜகாத், ஹஜ் முதலிய சட்டங்களை அவை பேச்சுத் தமிழுக்கு அருகில் இருக்கும் நடையில் விளக்குகின்றன. ஃபத்ஹுத் தய்யான் பின்னாளில் ஆங்கிலத்திலும் மொழிபெயர்க்கப்பட்டது. ஒரு தாய் தன் பிள்ளையிடமிருந்து எதிர்கொள்ளும் அன்றாடக் கேள்விகளுக்குப் பதில் இத்தகைய ஃபிக்ஹு நூல்களில்தான் இருந்தது. ஏழு வயதில் பிள்ளையைத் தொழச் சொல்லுங்கள் என்பது நபிவழி. சொல்லிக் கொடுக்க வேண்டியவருக்கு முதலில் சட்டம் தெரிய வேண்டும் அல்லவா?

சட்டம் மட்டும் அல்ல, கதையும் எழுதினார். 'மதீனத்துன் நுஹாஸ்' என்ற அவருடைய உரைநடைக் கதை பாரசீக மூலத்தைத் தழுவியது. 'தாமிரப்பட்டணம்' என்று பின்னர் தமிழ் எழுத்தில் அறியப்பட்டது. இதன் காலத்தை 1858 என்று ஆய்வாளர்கள் குறிக்கிறார்கள். தமிழின் முதல் நாவல் எனப் பாடப்புத்தகங்கள் சொல்லும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சில் வந்தது 1879-ல். இக்கதையை நாவல் என்று கொள்ளலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நமக்கு முக்கியமானது வேறு: சட்டநூல் எழுதிய அதே கை, வீட்டில் வாசித்து மகிழக் கதையும் எழுதியது.

கடல் தாண்டிய பணி

இலங்கைக்கு அவர் பலமுறை பயணம் செய்தார். ஊர் ஊராகச் சென்று பள்ளிவாசல்களும் தைக்காக்களும் மத்ரசாக்களும் ஏற்படத் துணை நின்றார். தென்னிலங்கையின் வெலிகமையில் 1884-ல் தொடங்கிய மத்ரசத்துல் பாரி அவருடைய பெயரை இன்றும் சொல்லிக் கொண்டிருக்கிறது. வாப்பாமார் சென்ற கரைக்கும் உம்மாமார் இருந்த கரைக்கும் ஒரே நூல்கள் போய்ச் சேர்ந்தன என்பதை நாம் கவனிக்க வேண்டும். கணவர் கொழும்பிலிருந்து எழுதிய கடிதமும் மனைவி ஊரிலிருந்து எழுதிய பதிலும்கூட அரபுத்தமிழில்தான் இருந்தன.

1898-ல் (ஹிஜ்ரி 1316) அவர் கீழக்கரையில் வஃபாத்தானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

நமக்கு இதில் என்ன?

இருபதாம் நூற்றாண்டில் பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினார்கள். தமிழ் எழுத்தும் ஆங்கிலமும் வந்தன. இது நல்ல மாற்றம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அதோடு அரபுத்தமிழ் வாசிப்பு அடுத்த தலைமுறைக்குப் போகாமல் நின்றது. இன்று மேலப்பாளையத்திலோ பேட்டையிலோ காயலிலோ ஒரு பழைய வீட்டுப் பரணில் கிதாபு கிடந்தால், பேரப்பிள்ளைகள் அதைக் குர்ஆன் என்று நினைத்து முத்தமிட்டு மீண்டும் மேலே வைத்து விடுகிறார்கள். உள்ளே இருப்பது தங்களுடைய தாய்மொழி என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த பெத்தும்மாக்கள் ஒவ்வொருவராக நம்மை விட்டுப் போய்க் கொண்டிருக்கிறார்கள்.

எனவே இரண்டு காரியங்களை நாம் கேட்டுக் கொள்கிறோம்.

ஒன்று, உங்கள் வீட்டில் அரபுத்தமிழ் கிதாபு இருந்தால் கரையானுக்கு விட்டு விடாதீர்கள். வாசிக்கத் தெரிந்த பெரியவர் இருந்தால், அவர் அருகில் பிள்ளையை உட்கார வைத்து ஒரு பக்கமாவது வாசிக்கச் சொல்லுங்கள். அதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பக்கங்களைப் படமெடுத்து வையுங்கள்.

இரண்டு, அவர் கண்ட வழியைப் பிடியுங்கள். சஃபர் போன வாப்பாவின் இடத்தில் இன்று வளைகுடாவில் இருக்கும் வாப்பா இருக்கிறார். பிள்ளையின் முதல் ஆசிரியர் இன்றும் உம்மாதான். மத்ரசாவில் ஒரு மணி நேரம் ஓதி வரும் பிள்ளைக்கு, ஓதியதன் பொருளை வீட்டில் விளங்கும் மொழியில் சொல்ல ஆள் வேண்டும். பிள்ளையை மட்டும் மத்ரசாவுக்கு அனுப்பி விட்டு நம் கடமை முடிந்தது என்று இருக்க முடியாது. பெற்றோரும் படிக்க வேண்டும். நம் ஆலிம்களும் ஆலிமாக்களும் தாய்மார்களுக்கு விளங்கும் நடையில் எழுத வேண்டும்.

மேடையில் இருந்து கொண்டு வீட்டை அழைக்காமல், வீட்டுக்குத் தெரிந்த எழுத்தில் இறங்கி வந்து சொன்ன அந்த ஆசானின் உழைப்பை அல்லாஹ் ஏற்றுக் கொள்வானாக. அவர் விட்டுச் சென்ற வழியில் நம் வீடுகளையும் கல்வி நிறைந்த வீடுகளாக ஆக்குவானாக. ஆமீன்.