சிட்னி ஒலிம்பிக்கில் நடந்த இன்னொரு பந்தயம்

2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் என்றதும் நம்மில் பலருக்கும் கர்ணம் மல்லேஸ்வரி பளு தூக்கி வாங்கிய வெண்கலப் பதக்கம்தான் ஞாபகம் வரும். அந்தப் போட்டிகள் தொடங்கும் முன்பே அங்கே ஒரு வழக்கும் நடந்தது. தொடுத்தவர் ப்ரூஸ் மகுவயர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர்.

அவர் கணினியில் படித்தது பிரெயில் கருவியின் உதவியால். திரையிலுள்ள எழுத்துகளை அது விரலால் தடவிப் படிக்கும் புள்ளிகளாக மாற்றித் தரும். ஆனால் எழுத்து இருந்தால்தான் மாற்றும். படமாக இருந்தால், அது என்ன படம் என்று தளத்தை அமைத்தவர் உள்ளே எழுதி வைத்திருக்க வேண்டும். ஒலிம்பிக் இணையதளத்தில் பல இடங்களில் அது இல்லை. முடிவுகளின் அட்டவணையிலும் சிக்கல். மல்லேஸ்வரி தூக்கிய எடையையே எடுத்துக்கொள்ளுங்கள்: 110, 130, 240. எது ஸ்நாட்ச், எது மொத்தம் என்று தலைப்போடு சேர்த்துச் சொல்லாவிட்டால் வெறும் எண்களை வைத்து என்ன செய்வது?

இதற்கெல்லாம் விதிமுறை இல்லாமல் இல்லை. டிம் பெர்னர்ஸ் லீ நிறுவிய உலகளாவிய வலை அமைப்பு 1999 மே 5 அன்று 14 நெறிமுறைகளை வெளியிட்டிருந்தது. அவை வெறும் பரிந்துரைகள். அடுத்த மாதமே மகுவயர், ஆஸ்திரேலியாவின் 1992-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தின்கீழ் மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுத்தார்.

தளத்தைத் திருத்த ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், 20 லட்சம் டாலருக்கு மேல் செலவாகும் என்றது அமைப்புக் குழு. ஒரு சிறு குழு நான்கு வாரத்தில் முடித்துவிடலாம் என்றார்கள் மகுவயர் தரப்பு நிபுணர்கள். 2000 ஆகஸ்ட் 24 அன்று ஆணையம் மகுவயர் பக்கம் தீர்ப்பளித்தது. போட்டிகள் தொடங்கும் செப்டம்பர் 15-க்குள் தளத்தைச் சரிசெய்ய வேண்டும் என்றது. முழுதாகச் செய்யவில்லை. நவம்பரில் 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு தர உத்தரவாயிற்று.

தொகை பெரிதல்ல. பரிந்துரையாக இருந்ததைக் கடமையாக்கியதுதான் பெரிது.

நம் நாட்டுக்கும் அது வந்து சேர்ந்தது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இணையதளங்களையும் ஆவணங்களையும் சேர்த்துக்கொண்டது. வங்கியில் கேஒய்சி என்று கேமரா முன் கண் சிமிட்டச் சொல்கிறார்களே, கண்ணை மூடித் திறக்க முடியாதவர் என்ன செய்வார்? ஆசிட் வீச்சுக்கு ஆளானவர்களும் பார்வையற்ற ஒருவரும் இதைத்தான் உச்ச நீதிமன்றத்தில் கேட்டார்கள். 2025 ஏப்ரல் 30 அன்று, டிஜிட்டல் வசதியைப் பெறுவதும் வாழும் உரிமையில் அடக்கம் என்று நீதிமன்றம் சொல்லி, 20 கட்டளைகளையும் பிறப்பித்தது.

நமக்கும் பார்வை மங்கும் வயது. கோயில் விழா அழைப்பிதழைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது, எங்கே, எந்த நாள், எத்தனை மணிக்கு என்று கீழே ஒரு வரி தட்டச்சு செய்துவிடுங்கள். மகுவயர் கேட்டதும் கிட்டத்தட்ட அதுதான்.