தடையிலிருந்து பயிற்றுமுறைக்கு: உண்ணல் கோளாறு மருத்துவத்தில் உடற்பயிற்சி (1873–2002)

முன்னுரை

உடல் மெலியுந்தோறும் இயக்கம் குறைதல் இயல்பு. அனோரெக்சியா நெர்வோசா என்னும் உண்ணல் கோளாற்றிலோ நோயாளர் பலர் மிக மெலிந்த நிலையிலும் ஓயாது இயங்குகின்றனர். இவ்வியக்கத்தை மருத்துவம் எதிர்கொண்ட முறைகளை வரலாற்று நோக்கில் இக்கட்டுரை ஆராய்கிறது.

அறிகுறியும் தடையும்

1873இல் பாரிசில் சார்ல் லசேக், இலண்டனில் வில்லியம் கல் ஆகியோர் இந்நோயை விவரித்தனர். மெலிவு முற்றியபோதும் நோயாளரின் சுறுசுறுப்பு குன்றாமையை இருவரும் பதிவுசெய்துள்ளனர். கல் அதனை நரம்புநிலையின் வெளிப்பாடாகக் கருதினார்.

அமெரிக்க மருத்துவர் வெயர் மிட்செல், நரம்புத்தளர்ச்சிக்கென வகுத்த ஓய்வு மருத்துவத்தை 1877இல் நூலாக வெளியிட்டார். படுக்கை ஓய்வு, தனிமை, மிகையுணவு ஆகியன அதன் கூறுகள். தசை தளராதிருக்க உடலைப் பிடித்துவிடுதலும் மின்தூண்டலும் கையாளப்பட்டன. தசை பிறர் கையால் இயங்கலாம். நோயாளரின் விருப்பத்தால் இயங்கலாகாது என்பதே இதன் உட்பொருள். இம்முறையின் கூறுகள் அனோரெக்சியா மருத்துவத்திலும் நெடுங்காலம் நீடித்தன. நலிந்த இதயமும் குருதியில் தாதுக் குறைவும் உடையோர்க்கு உழைப்பு உயிராபத்தாகலாம் என்பதால், தடைக்குத் தக்க காரணமும் இருந்தது.

வெகுமதியும் பயிற்றுமுறையும்

1967இல் ரூட்டன்பெர்க், குஸ்னெசாஃப் ஆகியோர் எலிகளை ஆராய்ந்தனர். உணவு நேரம் குறுக்கப்பட்டு, சுழல் சக்கரமும் அளிக்கப்பட்ட எலிகள் குறைவாக உண்டு, மிகுதியாக ஓடி மெலிந்தன. மிகை இயக்கம் எடை குறைக்கும் உத்தி மட்டுமன்று, பட்டினியோடு பிணைந்த உயிரியல் விளைவுமாகலாம் என்ற கருத்துக்கு இது வலுச்சேர்த்தது.

1970இல் பிளைண்டர், ஃப்ரீமன், ஸ்டங்கார்ட் ஆகியோர் இயக்கத்தை வெகுமதியாக்கினர். எடை உரிய அளவு கூடிய நாளில் மட்டும் நோயாளர் தடையின்றி நடமாட அனுமதிக்கப்பட்டனர். எடை கூடியது. எனினும், நோயின் பகுதியான வேட்கையே இங்கு மருந்துக்குரிய விலையாயிற்று.

1994இல் சிட்னியில் போமான்ட் குழுவினர் மேற்பார்வையுடன் கூடிய பயிற்சித் திட்டத்தை முன்மொழிந்தனர். முழுத்தடை நடைமுறைக்கு ஒவ்வாது எனக் கருதிய அவர்கள், தசைநீட்சி, உடல்நிலைப் பயிற்சி, எடைப்பயிற்சி, கூடி ஆடும் விளையாட்டு ஆகியவற்றைப் பரிந்துரைத்தனர். 2002இல் நார்வேயில் சுண்ட்காட்-போர்கன் குழுவினர் இயல்பான எடையுடைய புலிமியா நோயாளரிடம் உடற்பயிற்சியை அறிதல்சார் நடத்தை மருத்துவத்தோடும் உணவு ஆலோசனையோடும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். உடற்பயிற்சி தனியொரு சிகிச்சையாகச் சோதிக்கப்படும் நிலையை இதன்வழி எய்தியது.

முடிவுரை

தடை, வெகுமதி ஆகிய இரண்டிலும் இயக்கத்தின் மீதான உரிமை மருத்துவரிடமே இருந்தது. பயிற்றுமுறையில் அது நோயாளர் மீளக் கற்கும் திறனாகிறது. உடல்நிலை இடந்தராதபோது ஓய்வே முறை, இதில் ஐயமில்லை. ஆயினும், கட்டிலில் எடை கூடியவர் வீடு திரும்பியபின் நடந்தே ஆகவேண்டும். எவ்வளவு, எதன்பொருட்டு என்பதைக் கற்பிக்காத மருத்துவம் எடையை மீட்டுத் தந்து, நோயைத் தொடாமலே விட்டுவிடக்கூடும்.