என் முகவரியில் இன்னொருவர் கணக்கு



பதிவு கொஞ்சம் நீளம். மணி அடித்தாலும் டீச்சர் பாடத்தை நிறுத்த மாட்டார் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே! பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் நான் செய்த ஒரு தவறையும் சொல்லியிருக்கிறேன்.

போன ஆடி மாதம் ஒரு காலையில் என் மெயிலைத் திறந்தேன். நான் சேராத ஒரு சமூக வலைத்தளம் என்னை வரவேற்றிருந்தது. கணக்குத் தொடங்கியதற்கு நன்றி, மின்னஞ்சலை உறுதி செய்யுங்கள் என்று ஒரு கடிதம். தவறி வந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுநாளிலிருந்து வரிசையாக வந்தன. உங்கள் படத்தை இன்னார் விரும்பினார், உங்களுக்கு இன்னார் செய்தி அனுப்பினார் என்று தினமும் ஏழெட்டு. என் பெயர்தான், என் முகவரிதான். கணக்கு மட்டும் என்னுடையது இல்லை.

அண்ணன் மகனுக்குப் போன் போட்டேன். "அத்தை, மெயில் ஐடி உங்களோடதுதானே? பாஸ்வேர்டு மறந்துபோச்சுன்னு அழுத்துங்க. லிங்க் உங்களுக்குத்தான் வரும். உள்ளே போய் கணக்கை மூடிடுங்க, விஷயம் முடிஞ்சது" என்றான்.

நான் என்ன செய்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முன்பின் தெரியாத ஒருவர் என் முகவரியை எழுதிக் கணக்குத் தொடங்க முடிகிறதே, அது எப்படி? சமூக அறிவியல் டீச்சருக்கு அதைத் தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வருமா? தேடித் தேடிப் படித்தேன்.

கதை 1971-இல் தொடங்குகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் என்ற ஊர். அங்கே ஒரு நிறுவனத்தில் ரே டாம்லின்சன் என்ற பொறியாளர் வேலை பார்த்தார். அதற்கு முன்பே ஒரே கணினியைப் பயன்படுத்துவோர் தங்களுக்குள் குறிப்பு எழுதி வைக்க முடியும். ஒரு கணினியிலிருந்து வேறு கணினிக்கு வலை வழியாகச் செய்தி அனுப்பிக் காட்டியவர் இவர். ஆள் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட ஒரு குறி வேண்டும். யாருடைய பெயரிலும் வராத குறியாக இருக்க வேண்டும். விசைப்பலகையைப் பார்த்து, 'அட்' என்று நாம் சொல்லும் அந்தச் சுழிக்குறியை எடுத்துக்கொண்டார். "இன்னார், இன்ன இடத்தில்" என்பதுதான் அதன் பொருள். கடித உறையில் நாம் எழுதும் முகவரியும் அதுதானே. முதல் சோதனைச் செய்தியில் என்ன எழுதினோம் என்பது அவருக்கே பின்னாளில் நினைவில்லை. அவர் 2016-இல் காலமானார்.

அந்த வலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தாரும் ஆய்வுக்கூடத்தாரும். ஒருவரையொருவர் நம்பினார்கள். 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் என்பவர் மின்னஞ்சல் பரிமாற்றத்துக்கான விதிகளை எழுதி வெளியிட்டார். இன்றைய மின்னஞ்சலுக்கும் அடிப்படை அதுதான். அனுப்புநர் என்று எழுதியிருப்பவர்தான் உண்மையில் அனுப்பினாரா என்று சோதிக்கும் வழி அந்த விதிகளில் இல்லை. நம் தபாலிலும் அப்படித்தான். உறையின் இடது மூலையில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம், தபால்காரர் கேட்க மாட்டார். அவர் வேலை கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும்தான்.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். மூலமாக. அடுத்த ஆண்டு 1996 ஜூலை 4 அன்று, நம் நாட்டிலிருந்து படிக்கப்போன சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் ஹாட்மெயிலைத் தொடங்கினார்கள். எந்த ஊரில் எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் இலவசமாகத் தபால்பெட்டி. பிரவுசிங் சென்டர் காலம் பிறந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் வந்தது. ஒரு ஜிபி இடம் இலவசம் என்றதும் பலர் ஏப்ரல் ஃபூல் என்றே நினைத்தார்கள். முதலில் அழைப்பு இருந்தால்தான் சேரலாம். 2007-இல்தான் எல்லோருக்கும் கதவு திறந்தது.

எனக்கு மெயில் வந்தது 2008-இல். பழைய மாணவன் ஒருவன் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். "டீச்சர், உங்க பேரும் இனிஷியலும் அப்படியே கிடைக்குது, நம்பர்கூட வேண்டாம்" என்று மகிழ்ச்சியாகச் சொன்னான். முகப்பு வீடு கிடைத்தது போல எனக்கும் பெருமை. முகப்பு வீட்டில்தான் வழிப்போக்கர் எல்லாம் கதவைத் தட்டுவார்கள் என்று அப்போது தெரியவில்லை.

நம் பெயர் வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். நம்மில் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்தைச் சேர்த்துக்கொள்வோம், அவ்வளவுதான். என் பெயரும் அதே இனிஷியலும் உள்ளவர்கள் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். பின்னால் வந்தவர்கள் பெயரோடு பிறந்த ஆண்டையோ வேறு எண்ணையோ சேர்க்க வேண்டியிருந்தது. அந்த எண்ணை மறந்து எழுதினால் கடிதம் என் வீட்டுக்கு வரும். ஜிமெயிலில் பெயருக்கும் இனிஷியலுக்கும் நடுவே புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒரே பெட்டிதான். "நான் புள்ளி வைத்தேனே, அது வேறு முகவரி" என்று நினைப்பவரின் கடிதமும் எனக்கே வரும்.

இந்தக் குழப்பம் புதிதல்ல. ஒரே பெயரில் பல ஊர்கள், ஆளுக்கொரு மொழியில் முகவரி என்று நம் தபால் துறையும் தடுமாறியது. அதற்காகத்தான் 1972 ஆகஸ்ட் 15 அன்று ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் வகுத்த 6 இலக்கப் பின்கோடு நடைமுறைக்கு வந்தது. ஏழாம் வகுப்பில் நம் பின்கோடு ஏன் 6-இல் தொடங்குகிறது என்று கேட்பேனே, நினைவிருக்கிறதா? மின்னஞ்சலில் முகவரி குழம்பாது, ஒரு முகவரிக்கு ஒரே பெட்டிதான். அதை எழுதுகிற மனிதர்தான் குழம்புகிறார்.

இதுவரை சொன்னது வெறும் கடிதக் கதை. தவறான கடிதம் வந்தால் எரிச்சல்தான், ஆபத்தில்லை. ஆபத்து வந்தது முகவரி அடையாள அட்டையாக மாறியபோது. ஃபேஸ்புக் 2004 பிப்ரவரியில் தொடங்கியபோது ஹார்வர்டு பல்கலைக்கழக மின்னஞ்சல் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். அந்த முகவரியைப் பல்கலைக்கழகம் ஆளைப் பார்த்துக் கொடுத்தது. அதனால் அது அடையாள அட்டைக்குச் சமம். 2006 செப்டம்பர் 26 முதல், 13 வயது நிரம்பி மின்னஞ்சல் முகவரி இருந்தால் போதும், யாரும் சேரலாம் என்றார்கள். வழக்கம் அதேதான், ஆனால் அதன் பொருள் மாறிவிட்டது. இலவசப் பெட்டியை யாரும் ஆளைப் பார்த்துக் கொடுப்பதில்லை. தபால்பெட்டி எண்ணை ரேஷன் கார்டாக ஏற்றுக்கொண்டால் எப்படியோ, அப்படி. யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவல்ல. ஒரு தளம் செய்ததை அடுத்த தளம் செய்தது, வழக்கமாகிவிட்டது.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. அந்த முகவரிக்கு ஒரு கடிதம் அனுப்பி, அதிலுள்ள இணைப்பை அழுத்தினால்தான் கணக்கு திறக்கும் என்று வைத்தால் போதும். முன்பு பதிவுத் தபாலில் கையெழுத்து வாங்கி ஒப்புகை அட்டை அனுப்பினோமே, அதே முறை. ஆனால் பல தளங்கள் "உறுதி செய்வதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் உள்ளே வாருங்கள்" என்கின்றன. வாசலில் நிறுத்தினால் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்களே என்ற கவலை. 1840-க்கு முன் இங்கிலாந்தில் கடிதத்துக்குப் பெரும்பாலும் பெறுபவர்தான் காசு கொடுக்க வேண்டும். ரோலண்ட் ஹில் கொண்டுவந்த சீர்திருத்தத்துக்குப் பிறகுதான் அனுப்புகிறவர் முதலிலேயே தபால்தலை வாங்கி ஒட்டும் வழக்கம் வந்தது. இங்கே மறுபடி பழையபடி ஆகிவிட்டது. தளத்துக்கு ஆள் சேர்கிறது, தொல்லை பெட்டிக்காரருக்கு.

இது வெறும் தொல்லையோடு நிற்பதில்லை. 2022-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 75 பிரபலமான இணையச் சேவைகளைச் சோதித்தார்கள். குறைந்தது 35 சேவைகளில் ஓட்டை இருந்தது. திருடன் உங்கள் முகவரியில் முன்கூட்டியே கணக்குத் தொடங்கி வைக்கிறான். பிறகு நீங்கள் அதே சேவையில் சேரும்போது, அவன் போட்ட சாவியும் உங்கள் வீட்டுப் பூட்டுக்குப் பொருந்துகிறது. நீங்கள் வருவதற்கு முன்பே அவன் உள்ளே இருக்கிறான்.

மாறுபட்ட கதையும் உண்டு. 2013-இல் யாகூ நிறுவனம், நெடுநாள் திறக்கப்படாத முகவரிகளை எடுத்து வேறு ஆட்களுக்குக் கொடுத்தது. புதிதாக வாங்கியவர்களில் சிலருக்குப் பழையவரின் கடிதங்கள் வரத் தொடங்கின. காலி வீடு என்று குடிபோனால் முந்தியவரின் பெயருக்கு ஆட்கள் வந்து கதவைத் தட்டுவது போல.

சரி, இப்போது என் கதை.

சனிக்கிழமை இரவு, அண்ணன் மகன் சொன்னபடி செய்தேன். லிங்க் வந்தது. புதுப் பாஸ்வேர்டு போட்டேன். உள்ளே போனேன். மோசடிக்காரனைப் பிடித்துவிட்ட மிடுக்கோடுதான் போனேன். அங்கே இருந்தவை எல்லாம் ப்ளவுஸ் படங்கள். ஆரி வேலை செய்த கைகள், கல் பதித்த முதுகுப் பக்கங்கள், ஒரு தையல் மிஷின், அதன் மேல் தூங்கும் பூனை. செய்திப் பெட்டியில் மேலே இருந்த வரி கண்ணில் பட்டுவிட்டது. "அக்கா, ஆவணி முகூர்த்தம், ப்ளவுஸ் எப்போ ரெடியாகும்?"

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். எங்கள் தெருவில் அப்பா பெயரிலேயே இன்னொருவர் இருந்தார். அவருக்கு வந்த இன்லண்ட் லெட்டர் தவறி எங்கள் வீட்டுக்கு வந்தால் அப்பா அதைப் பிரிக்காமல் என் கையில் கொடுத்து, "ஓடிப்போய்க் குடுத்துட்டு வா" என்பார். பிறர் கடிதத்தைப் பிரிக்காதே என்று வகுப்பில் உங்களுக்கும் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! அதே கையால் இப்போது ஒரு கடிதத்தைப் பிரித்தேன். பிரித்ததோடு நிற்காமல் பூட்டையும் மாற்றிவிட்டேன்.

அந்தப் பக்கத்தில் போன் நம்பர் இருந்தது. உடனே பேசியிருக்கலாம். வெட்கம் தடுத்தது. திங்கள் மாலைதான் பேசினேன்.

"அம்மா, நீங்க யாரு? ரெண்டு நாளா கணக்கு திறக்கல. யாரோ ஹேக் பண்ணிட்டாங்கன்னு சாப்பிடக்கூட முடியல" என்றது அந்தப் பெண் குரல். விவரம் சொன்னேன். அவளிடம் மின்னஞ்சலே இல்லை. மொபைல் கடையில் கணக்குத் தொடங்கிக் கொடுத்த பையன், "மெயில் ஐடி இருக்கா அக்கா?" என்று கேட்டிருக்கிறான். இல்லை என்றதும் அவள் பெயரையும் இனிஷியலையும் அடித்துவிட்டான். தளம் ஏற்றுக்கொண்டது. அவளுக்கும் என் பெயர், என் இனிஷியல். "அது இன்னொருத்தரோட வீடுன்னு எனக்குத் தெரியாதும்மா" என்றாள்.

பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்ணை வைத்துக்கொண்டு அவளுக்கு ஒரு மெயில் தொடங்கி, கணக்கை அதற்கு மாற்றிக் கொடுத்தோம். ஒன்றரை மணி நேரம் ஆனது. கடைசியில் சொன்னாள், அந்த இரண்டு நாளில் பதில் வராததால் இரண்டு பேர் முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். குற்றம் சாட்டவில்லை, சும்மா சொன்னாள். எனக்குத்தான் பதில் சொல்ல வாய் வரவில்லை.

பிள்ளைகளே, உங்களுக்கும் இப்படி நடக்கலாம். அதனால் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உறுதிப்படுத்தும் இணைப்பை அழுத்தாதீர்கள். அழுத்தினால் நீங்களே கையெழுத்துப் போட்டது போல ஆகிவிடும்.

அந்த மெயிலே போலியாக இருக்கலாம். அதிலுள்ள லிங்க் வழியாகப் போகாமல், தளத்தின் உதவிப் பக்கத்தை நீங்களே திறந்து "இந்தக் கணக்கு என்னுடையது அல்ல" என்று தெரிவியுங்கள்.

பாஸ்வேர்டை மாற்றி உள்ளே நுழையாதீர்கள். முகவரி நம்முடையதாக இருக்கலாம், உள்ளே இருப்பது பிறருடைய வாழ்க்கை.

உங்கள் மெயிலுக்கு இரண்டு கட்டப் பாதுகாப்பு போடுங்கள். உங்களுக்கு வரும் ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

உங்கள் பெயரையும் படத்தையும் வைத்தே யாராவது கணக்குத் தொடங்கினால் அது வேறு விஷயம். தளத்தில் புகார் கொடுங்கள். பிறருடைய பாஸ்வேர்டு போன்ற அடையாளங்களை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 66டி. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

இப்போது வீட்டுப்பாடம். உங்கள் அம்மா, பாட்டி, வீட்டு வேலைக்கு வரும் அக்கா, இவர்களின் போனை வாங்கிப் பாருங்கள். அவர்கள் கணக்கு எந்த மெயிலில் இருக்கிறது என்று கேளுங்கள். "கடைக்காரத் தம்பிதான் போட்டான்" என்றால் உட்கார்ந்து அவர்களுக்கென்று ஒரு முகவரி தொடங்கி, மாற்றிக் கொடுத்து, நோட்டில் எழுதி வையுங்கள். முடித்தவர்கள் கீழே "முடித்துவிட்டேன் டீச்சர்" என்று எழுதுங்கள்.

ஆவணி கடைசியில் எனக்கும் ஒரு ப்ளவுஸ் தைக்கக் கொடுத்தேன். அளவு சரியாக இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்