கூத்துவழி நடன நாடகம்
விடியவிடிய ஆடப்படும் மரபுக்கூத்தின் ஆட்டத்தையும் பாட்டையும் கொண்டு, சில நாழிகைக்குள் நிறைவுறுமாறு அமைக்கப்பெறும் நவீன அரங்கவகை இது. முத்துச் சலாபத்தாற் கீர்த்திபெற்ற தூத்துக்குடிக்கு எதிர்க்கரையான ஈழத்து மன்னாரில், கத்தோலிக்க சமயத்தைத் தழுவிய மக்களிடையே வளர்ந்த வாசாப்பு நாடகங்களைப் பதிப்பித்துக் காத்த பேராசிரியர் சு. வித்தியானந்தனே, மட்டக்களப்பின் வடமோடி எனும் கூத்துவகையைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடையேற்றி, 1962இல் ‘கர்ணன் போர்’ நாடகத்தை அளித்தார். அவருடைய மாணாக்கர் சி. மௌனகுரு ‘இராவணேசன்’ நாடகத்தை எழுதியதோடமையாது, பின்னர் ‘சங்காரம்’ நாடகத்தில் புராணத்தை விடுத்துச் சமுதாயக் கொடுமைகளையே அவ்வாட்டத்திற்குப் பொருளாக்கினார். இம்மரபின் சிகரம் அதுவே எனலாம். இவ்வாறு கூத்துக்குப் பொருளாகத்தக்க மக்கள் வாழ்வு தூத்துக்குடியிலும் உண்டு; அங்கே 1961க்குப்பின் முத்துக்குளிக்கும் சலாபம் நின்றது. முத்தெடுக்க மூச்சடக்கி மூழ்கிய அவ்வூர் மக்களின் சரித்திரத்தையும் நம் ஆடற்கலைஞர் இவ்வாறே அரங்கேற்றுதல் வேண்டும்.