சராயும் சோலையும்

வழிநடந்து வந்தோர்க்கு உண்டியும் உறையுளும் அளித்தலைத் தலையாய அறமாகக் கொண்டது தமிழகம். மதுரையை 1689 முதல் 1706 வரை ஆண்ட இராணி மங்கம்மாள் சாலைகள் அமைத்து, இருமருங்கும் மரங்கள் வைப்பித்து, இடையிடையே சத்திரங்களும் கட்டுவித்தார். தஞ்சை இரண்டாம் சரபோஜி மன்னர் ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரத்தை 1802-இல் நிறுவினார். இவற்றையெல்லாம் நம் குழந்தைகளுக்குப் பெருமையோடு எடுத்துரைக்கின்றோம். ஆயின், நாம் குடியேறி வாழும் இவ்வைதராபாத்திலும் அதற்கு ஒப்பானதோர் அறம் தழைத்திருந்ததை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

சில ஆண்டுகட்கு முன் நம் காலனிக் குடும்பங்கள் சில ஒன்றுகூடிக் கோல்கொண்டைக் கோட்டையைக் காணச் சென்றோம். திரும்பும் வழியில் சேக்பேட்டையில், முட்செடி படர்ந்த நெடிய சுவரொன்றைக் கண்ட சிறுமி ஒருத்தி, "இது யார் வீடு மாமா?" என்று வினவினாள். நம்மில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. அந்த நாணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

அது எவருடைய வீடும் அன்று. எல்லாருடைய வீடும் ஆகும். குதுப்சாகி மன்னர் காலத்தில் எழுந்த வழிப்போக்கர் விடுதி அது. அத்தகைய விடுதியைச் 'சராய்' என்பர். இரண்டடுக்காக அமைந்த அக்கட்டடத்தில் ஏறத்தாழ முப்பது அறைகள் உள்ளன. குதிரைகளும் ஒட்டகங்களும் கட்டுதற்குரிய கொட்டில்களும், அருகே தொழுகைக்குரிய பள்ளிவாசலும் உண்டு. இன்று வானளாவிய மாளிகைகள் சூழ்ந்துள்ள அவ்விடம் அந்நாளில் கோட்டைக்குப் புறத்தே இருந்த சிற்றூர்.

கிழக்கே மசூலிப்பட்டினத்துச் சாலையில் அமைந்த ஹயாத் நகரின் வரலாறு இன்னும் சுவையுடையது. ஐதராபாத்தை 1591-இல் நிறுவிய முகம்மது குலி குதுப்சாவின் மகளும், அப்துல்லா குதுப்சாவின் அன்னையுமான ஹயாத் பக்ஷி பேகத்தின் பெயரால் விளங்குவது அவ்வூர். மக்கள் அவரை 'மா சாகிபா' என அன்போடு அழைத்தனர். அவர் 1667-இல் மறைந்தார். அங்கே பள்ளிவாசலை நடுவே வைத்து, அகன்ற முற்றத்தின் நாற்புறமும் வளைவு வாயில்களையுடைய அறைகளை வரிசையாகக் கட்டியுள்ளனர். அருகே 'ஹாத்தி பாவ்லி', அதாவது யானைக் கிணறு என்னும் பெருங்கிணறு உள்ளது. கடற்கரைத் துறைமுகத்திலிருந்து பலநாள் நடந்து புழுதி படிந்து வந்த வணிகன், நகருக்குள் புகுமுன் இக்கிணற்று நீரில் குளித்து, முற்றத்தில் காற்றாட அமர்ந்து இளைப்பாறியிருப்பான் அன்றோ? நாள் முழுதும் நடந்தவனுக்கு நீரும் நிழலும் திறந்த வெளியுமே பெரும் பொழுதுபோக்கு!

பதினேழாம் நூற்றாண்டில் வைர வாணிபம் கருதிக் கோல்கொண்டைக்குப் பன்முறை வந்த பிரெஞ்சுக்காரர் தாவெர்னியே, ஆற்றுக்கு அப்பாலிருந்த வணிகர் புறநகரில் அயலார் தங்கும் விடுதிகளாகப் பள்ளிவாசல்கள் பயன்பட்டதைத் தம் பயண நூலில் குறித்துள்ளார். 1578-இல் கட்டப்பெற்ற பழம்பாலத்தின் வழியே அப்புறநகரிலிருந்து நகருக்குள் மக்கள் வந்து போயினர். அப்பாலம் 'புரானா புல்' என்ற பெயரோடு இன்றும் மூசி ஆற்றின் மேல் நிற்கிறது.

விடுதிக்கு உயர்ந்த மதிலும், இரவில் அடைக்கும் வாயிலும் எதற்கு என ஐயுறலாம். அந்நாளைய வழிப்பயணம் உயிருக்கு இறுதியாவதும் உண்டு. நிஜாமின் பணியில் இருந்த மெடோஸ் டெய்லர் 1839-இல் வெளியிட்ட புதினம், தக்கர் என்னும் கொலைக் கூட்டத்தார் வழிப்போக்கரோடு நட்புப் பேசி, உடன் நடந்து, தங்குமிடத்தில் கழுத்தை நெரித்துக் கொன்ற கொடுமையை விரிவாகக் காட்டுகிறது. மரத்தடியில் அமர்ந்து அயலாரோடு உரையாடும் எளிய இன்பமும் அச்சத்திற்கு இடமாயிருந்த காலம் அது. மதில் சூழ்ந்த முற்றமே அவ்வின்பத்தை அச்சமின்றி நுகர இடமளித்தது.

ஔரங்கசீப் 1687-இல் கோல்கொண்டையைக் கைப்பற்றியபின் பழைய வாணிபம் தளர்ந்தது. 1874-இல் சிகந்தராபாத்துக்குப் புகைவண்டி வந்தபின் சாலைச் சராய்களை நாடுவோர் மேலும் குறைந்தனர். எனினும் அறம் அற்றுப்போகவில்லை. நாம்பள்ளி நிலையத்திற்கு அருகே 1919-இல் ஏழாம் நிஜாமின் காலத்தில் புதிய சராய் எழுந்தது. பெட்டியை வைத்துவிட்டுப் பயணி காலாற நடக்கப் பொதுத் தோட்டமும் அண்மையிலேயே இருந்தது.

சிகந்தராபாத் பகுதியில் வாழ்வோர் மௌலாலிக் குன்றை அறிவர். ஏறத்தாழ ஐந்நூறு படிகளையுடைய அக்குன்றில் ஆண்டுதோறும் நிகழும் திருவிழாவுக்கு நிஜாம்கள் பரிவாரத்துடன் செல்வதும், நகர மக்கள் அடிவாரத்தில் பலநாள் தங்கிக் களிப்பதும் வழக்கமாயிருந்தன. உருதுக் கவிஞராகப் புகழ்பெற்ற மஹ் லகா பாய் 1824-இல் மறைந்து, அக்குன்றின் அடியிலே துயில்கிறார். பக்தியும் உல்லாசப் பயணமும் ஒன்றாய்க் கலந்த அவ்விழா நம் ஊர்த் தேர்த்திருவிழாக்களை நினைவூட்டுகிறதன்றோ? தெலுங்கு மக்கள் கார்த்திகை மாதத்தில் நெல்லி மரத்தடியில் கூடி உண்ணும் வனபோஜனமும், நாம் ஆடிப்பெருக்கில் ஆற்றங்கரையில் உண்ணும் சித்திரான்னமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் எனலாம்.

இந்நகரத்தார் உலாவ விரும்பும் இடங்களுள் கண்டிப்பேட்டைக்குத் தனிச் சிறப்புண்டு. அதன் பிறப்போ பெருந்துயரில் நிகழ்ந்தது. 1908 செப்டம்பர் 28-இல் மூசி ஆறு பெருக்கெடுத்துப் பல்லாயிரவரைப் பலிகொண்டது. அப்சல்கஞ்சில் ஒரு புளியமரத்தில் ஏறிய நூற்றைம்பது பேரளவில் உயிர் பிழைத்தனர் என்பர். அதன்பின் பொறியியல் மேதை விசுவேசுவரையாவை அழைத்து ஆலோசனை கேட்டனர். வெள்ளத்தைத் தடுக்கவும் குடிநீர் வழங்கவும் 1920-இல் உஸ்மான் சாகரும், 1927-இல் ஹிமாயத் சாகரும் அமைந்தன. கண்டிப்பேட்டை என நாம் அழைப்பது உஸ்மான் சாகரையே. அதன் கரையில் நிஜாம் ஓய்வு கொண்ட சாகர் மகல் பிற்காலத்தில் பயணியர் விடுதியாயிற்று. மன்னர் மட்டும் கண்டு மகிழ்ந்த அலைகளைக் குடிமக்களும் காண வழி பிறந்தது.

காணும் பொங்கலன்று புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு அக்கரைக்குச் செல்வோர் நம்மிலும் உளர். அவர்கள் ஒன்றை அறிதல் வேண்டும். இவ்விரு ஏரிகளின் நீர்ப்பிடிப்பைக் காக்க, சுற்றிலும் 10 கிலோமீட்டர் எல்லைக்குள் ஆலைகளையும் பெருங்கட்டடங்களையும் தடுத்து 1996-இல் 111-ஆம் எண் அரசாணை பிறந்தது. 2022-இல் அக்கட்டுப்பாடுகளை நீக்கும் ஆணை வந்தது. சேக்பேட்டைச் சராயைச் சூழ்ந்திருந்த திறந்தவெளி மறைந்தது போல ஏரிக்கரையும் மறையுமோ என்னும் கவலை அதுமுதல் பலருக்கும் உண்டு.

நமக்கும் இந்நகருக்கும் உள்ள உறவு நேற்று முளைத்ததன்று. 1798-இல் நிஜாம் ஆங்கிலேயரோடு செய்துகொண்ட உடன்படிக்கையையொட்டி வந்த சென்னைப் படையோடு தமிழ்க் குடும்பங்களும் வந்தன. 1806-இல் பெயர்பெற்ற சிகந்தராபாத்தில் வேரூன்றின. வந்தோர்க்கு இடங்கொடுத்த நகரின் பழைய இடங்களைப் போற்றுதல் வந்தோர்க்குக் கடமையாகும்.

ஆகவே அடுத்த காணும் பொங்கலுக்கு ஹயாத் நகர் முற்றத்திற்கும் சேக்பேட்டைக்கும் நம் பிள்ளைகளை அழைத்துச் செல்வோமாக. அங்கே உண்ட இலையையும் தாளையும் விட்டுவராது எடுத்துவருவோமாக. "இது யார் வீடு?" என்று இனியொரு குழந்தை கேட்குமாயின், "வழிப்போக்கர் வீடு அம்மா, நம்மைப்போல் வந்தவர்களுக்காகக் கட்டிய வீடு" என்று தயங்காது விடை பகர்வோமாக.