வாடகை இல்லா வீட்டின் விலை



சுங்கைப்பட்டாணி, கூலிம், பீடோங், லூனாஸ் போன்ற கெடா ஊர்களில் வாடகை வீடுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல. அவர்களுள் பலருடைய பாட்டன்மார் வாடகை என்ற ஒன்றைச் செலுத்தியதே இல்லை. தோட்டத்து லயத்தில் வீடு இலவசம். அவ்விலவசத்திற்கும் ஒரு விலை இருந்தது. அதனை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

சயாமின் மேலாண்மையில் இருந்த கெடா, 1909ஆம் ஆண்டு பாங்காக் உடன்படிக்கையால் பிரிட்டிஷ் ஆதிக்கத்தின்கீழ் வந்தது. தொடர்ந்து மாநிலத்தின் தென்பகுதியில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கங்காணிகளால் அழைத்துவரப்பட்ட தமிழர்கள் லயங்களில் குடியமர்த்தப்பட்டனர். விடியற்காலைப் பெரட்டுக்கு ஆள் தவறாமல் வர வேண்டுமாயின், அவர் தோட்டத்திலேயே தங்குதல் வேண்டும். ஆதலால் வீடு வேலையோடு பிணைக்கப்பட்டது. வேலை நின்றால் வீடும் நின்றுவிடும்.

இதன் கொடுமை 1950களில் வெளிப்பட்டது. நாடெங்கும் பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. தொழிலாளர்கள் வேலையையும் குடியிருப்பையும் ஒருங்கே இழந்தனர். இதனைத் தடுக்கவே துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தி 100 வெள்ளிப் பங்கினைப் பெற்றனர். சங்கம் 1961இல் வாங்கிய முதல் தோட்டம், கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் என்பது நமக்குப் பெருமையளிக்கும் செய்தியாகும்.

தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரத்தை வகுக்கும் சட்டம் 1966இல் வந்தது. 1990இல் புதுச் சட்டமும் வந்தது. ஆயினும் ஓய்வு பெற்ற தொழிலாளிக்கு அவ்வீட்டின்மீது உரிமை கிட்டவில்லை. காலமெல்லாம் பால்மரம் வெட்டியவர், வேலை முடிந்ததும் சொந்த வீடின்றி வெளியேற நேர்ந்தது.

ரப்பர் செம்பனைக்கு இடமளித்தது. தோட்ட நிலங்கள் பல தாமான்களாயின. 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டபின், தொழிற்சாலை வேலைக்கு வந்தோரும் அருகிலேயே வீடு தேடினர். லயத்தை விட்டு வந்த குடும்பம் அப்போதுதான் வாடகைக் கணக்கைக் கற்றது.

அக்கணக்கைச் சற்றுப் பார்ப்போம். வாடகை மாதம் 600 ரிங்கிட் என்று கொள்வோம். வழக்கப்படி இரண்டு மாத வைப்புத்தொகை 1,200. நீர், மின்சாரத்திற்கான அரைமாத வைப்புத்தொகை 300. முதல் மாத வாடகை 600. சாவி கைக்கு வருமுன்னரே 2,100 ரிங்கிட் வேண்டும். 2025இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச ஊதியமோ மாதம் 1,700 ரிங்கிட்தான். மக்கள் வீடமைப்புத் திட்ட அடுக்குமாடிகளின் மாத வாடகை 124 ரிங்கிட். ஆனால் அங்கு இடம் கிடைப்பது எளிதன்று.

பெற்றோர்களே, வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் பெற்று முத்திரை வரி செலுத்துங்கள்; குடிபுகும் நாளிலேயே மின்மானி அளவைக் குறித்து வையுங்கள். வீடு வாங்க ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுக்க வழியுண்டு என்பதனை மறவாதீர்கள். ஆசிரியர்களே, தாத்தா பாட்டி எந்தத் தோட்டத்து லயத்தில் வாழ்ந்தனர், எந்த ஆண்டு ஏன் வெளியேறினர் என்று மாணவர்களைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். அவ்வரலாற்றை அறிந்த பிள்ளை, சொந்த வீட்டின் அருமையையும் அறியும்.